மூன்று எட்டு தள்ளி

மேஸ்திரி நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, மூஞ்சி தெரிந்துவிட்டால் பாதிப் பயம் தீர்ந்தது, கொல்ல வருகிறவன் என்றால் வந்து கொன்றுவிட்டுப் போகட்டும், சோலி முடிந்தது. இந்த ஆள் அப்படிச் செய்வதில்லை. கோகிலவாணி ஒளிந்திருக்கிற பஞ்சுக் கூண்டைத் தாண்டிப் போய், ஒன்று, இரண்டு, மூன்று எட்டு வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறார். கூண்டின் கம்பி இடுக்கில் அவருடைய இடது கை தெரிகிறது, கீழ் இடுக்கில் செருப்பின் குதிகால் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, அங்கே இல்லாத ஒரு நூல் முனையைத் திரித்துக்கொண்டே இருக்கின்றன. கோகிலவாணி கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கீபோர்டு கோயமுத்தூர் கணபதியில், ஒரு கிரைண்டர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேஜையில் இருக்கிறது. மேஸ்திரி கம்ப்யூட்டருக்குள்ளே, ஒரு பேய் விளையாட்டில், மூடிப்போன ஒரு நூல் மில்லில் இருக்கிறார். இவள் விரல் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. அது தெரியாத மக்கு இல்லை அவள். இருந்தாலும் எடுத்துவிட்டாள், மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கை வேர்வையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு முப்பத்தொன்று. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளைவெளேரென்று அடிக்கிறது, கீழே எவனோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிறான், பட்டப்பகலில் ஒருத்தி இப்படி உறைந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கூண்டில் வந்து உட்கார்ந்துவிட்டுச் சிரிக்கட்டும். எட்டிப் பார்க்கலாம் என்று மவுஸை ஒரு மயிரிழை நகர்த்தினாள். அந்த நொடியே அவர் கிளம்பிவிட்டார். நின்றதற்கும் காரணம் சொல்லவில்லை, கிளம்பியதற்கும் சொல்லவில்லை.

இதற்கா வந்தாள்? பயப்படுவதற்கா? இரண்டு இருபதுக்கு ஆரம்பித்தது, மூன்று மணிக்கு முடிந்துவிடும், நாற்பது நிமிடம், அதுதான் இந்த வேலைக்குத் தேர்வு. தேவசகாயம் தெளிவாகத்தான் சொன்னார். விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இங்கே அவர்தான் தலை, முப்பது வயசு இருக்கும், பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிற ஆள். "மூணாம் நம்பர் ஹால் உனக்கு. உள்ள போனதும் மொதல்ல எஃப் ஒம்பதை அமுத்திக்கோ. ஓரத்துல பச்சைப் புள்ளி வரும். அது இருக்கற வரைக்கும் நீ சாக மாட்ட. இல்லாட்டி அந்த மேஸ்திரி உன்னைக் கொன்னு கொன்னு விளையாடிட்டு இருப்பாரு, நம்ம வேலை ஓடாது. அப்பறம் சுவத்தை ஒட்டித் தேய்ச்சுட்டே போ, ஒரு அடி விடாம. கை சுவத்துக்குள்ள போகுதா, கதவு தரையில பொதைஞ்சு நிக்குதா, எங்கயாவது தொபுக்குனு விழுந்து போறியா, எந்தக் கோளாறு கண்டாலும் அது ஒரு பக், எழுதிரு. கொறைஞ்சது அஞ்சாவது வேணும். காலையில வந்த பையன் ஒம்பது எழுதிட்டான்." சரிங்கண்ணா என்றாள். எஃப் ஒன்பதை அமுக்கினாள், பச்சைப் புள்ளி வந்தது, நாலு சுவரில் ஒன்றரைச் சுவர் தேய்த்தாள், பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. அப்புறம் ஹாலின் அந்தக் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒரு கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே போனவள் போனவள்தான். மேஜையில் ஒரு தாள், பத்து வரி, பத்தும் வெள்ளை. அது வெள்ளையாகவே போனால் என்ன ஆகும் என்பது அவளுக்குக் கிழமையோடு தெரியும். திங்கட்கிழமை காலை ஆறரை பஸ். நாமக்கல் பக்கத்து அதே விடுதிப் பள்ளி. பன்னிரண்டாவது மறுபடியும், முதல் பாடத்திலிருந்து. விடுதிக்கென்று அப்பா வாளி வாங்கியாகிவிட்டது, சிவப்பு வாளி, அம்மா அதன் பக்கவாட்டில் நகப்பாலீஷால் அவள் பெயரை எழுதி வெயிலில் காய வைத்தும் ஆகிவிட்டது. "வேலை கெடச்சா பேசலாம் அம்மணி. கெடைக்காட்டி ஒரு பேச்சும் இல்ல, வண்டி ஏறோணும்," என்றார் அப்பா. அப்பா கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் அவர் சொன்னால் சொன்னதுதான்.

சரி, வெளியே வரலாம், ஆள் போய்விட்டார், வருகிறாள், இதோ, ஒரு நிமிடம். இந்த ஆளிடம் அப்படி என்னதான் இருக்கிறது? ரத்தம் இல்லை, நகம் இல்லை, கத்தி இல்லை. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, காதில் ஒரு பென்சில், தலைமுடியெல்லாம் பஞ்சு. சோமனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தால் கவனித்திருக்க மாட்டாள். பெரியம்மா பையன் நிஷாந்தின் கம்ப்யூட்டரில் அவள் எத்தனை பேயைப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி இருந்தாள், வெள்ளைச் சேலை, வாயெல்லாம் ரத்தம், பீரோவிலிருந்து குதித்து வருவாள். முதல் தடவை கோகிலவாணி நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள், உண்மைதான். இரண்டாவது தடவை நிஷாந்த் மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணினான், சரியாக வந்தாள். மூன்றாவது தடவை "வா சரோஜா, சாப்டியா?" என்றான். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவள் சரோஜாதான், பாவமாகக்கூட இருந்தது, திரும்பத் திரும்ப அதே பீரோ. பலூன் வெடித்தால்கூடத்தான் தூக்கிப்போடும், அதற்காகப் பலூனைக் கண்டு பயப்படுகிறோம் என்றா அர்த்தம்? இன்னொருவன் கோடாலியோடு ஓடி வருவான், ஹோவென்று கத்திக்கொண்டே வருவான், முட்டாப்பயல், கத்தினால் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துவிடாதா, அவன் கத்துகிற வரைக்கும் நிம்மதியாக அடுத்த அறையில் சாவி தேடலாம். மதிக்கிற மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு ஆஸ்பத்திரிக் கதையில், கதவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு தடவை தட்டிவிட்டுக் காத்திருக்கும். உடைத்துக்கொண்டு வரக்கூடிய ஒன்று எதற்குத் தட்ட வேண்டும்? அந்த மரியாதைக்குத்தான் அவள் பயந்தாள். நிஷாந்துக்கு அது பிடிக்கவில்லை, போர் என்றான். அவனுக்கு வேகமாக வந்தால்தான் பேய்.

மேஸ்திரி அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். ஏனென்றால் அவருக்கு வேலை இருக்கிறது. கோகிலவாணி கூண்டுக்குள் உட்கார்ந்து பதினோரு நிமிடம் பார்த்ததில் கண்டுபிடித்தது அதுதான். அவர் இவளைத் தேடி அலையவில்லை. இருபத்துநாலு மெஷின், யாரும் இல்லாத மில்லில் தானாக ஓடிக்கொண்டிருக்கின்றன, அவர் வரிசை வரிசையாக நடக்கிறார், இழை அறுந்த இடத்தில் குனிகிறார், முனையைத் தேடி எடுக்கிறார், ஒரு திருகு, ஒட்டிவிட்டது, அடுத்தது. அந்தத் திருகை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். எவ்வளவு நறுவிசு. அவசரம் இல்லை, அலுப்பு இல்லை, ஆயிரம் வருஷமாக அதையே செய்கிற மாதிரி. வெறுக்கிற பேய் உன்னைப் பெரிய ஆள் ஆக்குகிறது, ஊரெல்லாம் விட்டுவிட்டு உனக்காக வந்திருக்கிறதே. இவருக்கு நீ யாரும் இல்லை. நீ ஒரு அறுந்த இழை, கண்ணில் பட்டால் சரி செய்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். இதை யோசித்தது யார்? எதிர் மேஜையில் ஒரு அக்கா, ஷாஹினா என்று பெயர், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டிபன் பாக்ஸ் மூடியில் மாதுளை உதிர்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் மேஸ்திரியின் நடைக்குப் புரோகிராம் எழுதினாராம். பார்த்தால் ஈ எறும்புக்கும் துரோகம் நினைக்காத முகம். ஒரு மனுஷி மாதுளை உரித்துக்கொண்டு இப்படி ஒன்றை யோசிக்க முடியும் என்பது கோகிலவாணிக்குப் பொறாமையாக இருந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்து அக்கா, உங்களுக்கு எப்படி இது தெரியும் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. தாள் வெள்ளையாகக் கிடக்கிறது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

இரைச்சல் வேறு. ஹெட்ஃபோனுக்குள் இருபத்துநாலு மெஷினும் ஒரே சீராக ஓடுகின்றன, அவள் ஒளிந்திருக்கிற கூண்டுக்குப் பக்கத்து மெஷின் மட்டும் தொண்டை கட்டிய மாதிரி ஓடுகிறது. கோளாறு எங்கே என்று அதை வைத்துத்தான் மேஸ்திரி மோப்பம் பிடிக்கிறார். இதுவும் அந்த அக்கா வேலையாகத்தான் இருக்கும். காலையில் வந்த பையனுக்கு இது காதில் விழுந்திருக்குமா? கோகிலவாணி தறிக்காரர் வீட்டுப் பெண். எட்டுத் தறி ஓடுகிற சாளைக் கொட்டகைக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு படித்தவள். தறி ஓடும்போது அப்பா பாவு நூலுக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்குவார், குறட்டைகூட விடுவார், எட்டில் ஒன்று நின்றால் போதும், கண்ணைத் திறந்துவிடுவார். இழை அறுந்தால் தறி நிற்கும். சத்தம் கேட்டு எழுந்திருக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், சத்தம் நின்றதும் எழுந்திருக்கிறவர்கள் தறி ஓடுகிற அவர்கள் ஊர்ப் பக்கத்தில்தான். ஓடினால் ஒன்றுமில்லை. நின்றால்தான் ஏதோ ஆகிவிட்டது. அது அவளுக்கு எலும்பில் இருக்கிறது, இந்த மேஸ்திரி நேராக அந்த எலும்பில் வந்து நிற்கிறார். ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தாள். இரைச்சல் போகவில்லை. அப்புறம் புரிந்தது, கீழே கடையில் யாருக்கோ கிரைண்டரை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். சே. மறுபடி மாட்டிக்கொண்டாள். தைல வாசனை வந்த மாதிரி இருந்தது. இங்கே யாரும் தைலம் தேய்க்கவில்லை. அது விடுதிப் பள்ளியின் பங்கஜம் மிஸ்ஸின் தைலம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் படிப்பு நேரம், அறுபது பெண்கள், அறுபது பேனா, பங்கஜம் மிஸ் செருப்பில்லாமல் அவர்களுக்குப் பின்னால் நடப்பார். அடிக்க மாட்டார். திட்ட மாட்டார். யாருடைய பேனா நிற்கிறதோ அவளுக்குப் பின்னால் போய் நிற்பார், அவ்வளவுதான். தைல வாசனை வரும், வந்து அங்கேயே இருக்கும். முதல் மாதம் கோகிலவாணிக்கும் மற்றப் பெண்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு பேனா நின்றது. வாசனை வந்தது. கழுத்து மயிர் சிலிர்த்துக்கொண்டது, திரும்ப முடியவில்லை, கணக்கும் வரவில்லை, பேனா ஓட வேண்டுமே என்று தன் பெயரையே எழுதினாள், கோகிலவாணி கோகிலவாணி என்று இரண்டு பக்கம். அன்றிலிருந்து அதே வழக்கம், தெரியாத கணக்கு வந்தால் பெயர். மூன்று நோட்டு தீர்ந்தது. மார்க் எங்கிருந்து வரும்? பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அம்மா உட்கார வைத்துக் கேட்டாள். "அடிச்சாங்களா?" "இல்ல." "வஞ்சாங்களா?" "இல்ல." "சாப்பாடு ஆகலியா?" "அதெல்லாம் இல்ல." "அப்பறம் என்ன பண்றாங்கடி?" "பின்னாடி வந்து நிக்கறாங்க." "நின்னா என்ன?" என்றாள் அம்மா. அதற்குப் பதில் இல்லாததால்தான் இப்போது வீட்டில் ஒரு சிவப்பு வாளி இருக்கிறது.

"என்ன கோகிலா, எத்தனை தேறுச்சு?" தேவசகாயம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதும் அவள் துள்ளியதில் ஹெட்ஃபோன் ஒயர் தாளை இழுத்துக் கீழே தள்ளியது. அவரே எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் புரட்டியும் பார்த்தார். "ஒண்ணுமே காணோம்?" "இல்லீங்கண்ணா." பொய் சொல்லியிருக்கலாம், இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், எழுதணும் என்று. வாய் வரவில்லை. "கூண்டுக்குள்ள என்ன பண்றே?" "உக்காந்திருக்கேன்." "தெரியுது. எவ்ளோ நேரமா?" "ரெண்டு இருபத்தாறுலருந்து." அவர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "பயமா?" "ஆமாங்கண்ணா." ஷாஹினா அக்கா மாதுளையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். தேவசகாயம் சிரித்தேவிட்டார், கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். "ஏம்மா, ஓட்டல்ல சமைக்க வந்துட்டு அடுப்பு சுடுதுங்கறியே. அவரு ஒரு பொம்மை. நான் தெனமும் அவரு வேட்டிக்குள்ள பூந்து போயிட்டு வர்றேன். இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்கு, பாத்துக்கோ." போய்விட்டார். அவமானத்தில் காது சுட்டது. அவர் சொல்வது சரிதான். சரியாக இருந்து என்ன செய்ய? அங்கே செருப்பு கேட்கிறது. வருகிறார். அவர் பாட்டுக்கு வருகிறார், ஒரு மெஷினில் குனிந்தார், ஒரு திருகு, நிமிர்ந்தார். கூண்டுக்கு நேராக வந்தார். கை கீபோர்டிலிருந்து தானாக எழுந்து மடிக்குப் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றார்.

இந்தத் தடவை எரிச்சலில் அவள் குதிகாலைப் பார்த்தாள். கையைப் பார்க்காமல், முதுகைக் கற்பனை செய்யாமல், கீழ் இடுக்கில் தெரிகிற செருப்பை மட்டும் பார்த்தாள். குதிகால் நடுங்குகிறது. மிகக் கொஞ்சமாக, நிமிடத்துக்கு நூறு தடவை, விசைத்தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா பாதி வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு துடிப்பு துடிக்குமே அந்த மாதிரி. நிற்கிற மனுஷனின் குதிகால் இப்படி நடுங்காது. இவர் நிற்கவில்லை. இவரை எதுவோ நிறுத்திவைத்திருக்கிறது. போக வேண்டியவர், போக முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார். கோகிலவாணிக்கு வாய் திறந்துகொண்டது. இது பக். அவளுடைய முதல் பக். எழுதிவிடலாம், இதோ பேனா. அப்புறம் என்ன ஆகும்? சரி செய்துவிடுவார்கள். அதுதானே இவர்களுடைய வேலை. மேஸ்திரி கூண்டைத் தாண்டி நாலு, ஐந்து, ஆறு என்று நடந்து போய்விடுவார். வேட்டி கட்டிய ஒரு ஆள் நடந்து போகிறார், அவ்வளவுதான் மிஞ்சும். அந்த நிற்றல்தானே ஆளே. அதை யாரும் யோசிக்கவில்லையா? அந்த அக்காவும் யோசிக்கவில்லையா? தானாகவே வந்ததா? அது இன்னும் மோசம், இன்னும் அருமை. எழுதினால் மேஸ்திரி செத்தார். எழுதாவிட்டால் திங்கட்கிழமை ஆறரை பஸ். எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்க்க மூலைக்குக் கண்ணை நகர்த்தினாள். இரண்டு நாற்பத்தேழு. மணிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

பச்சைப் புள்ளி. அது முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. அவள்தானே அமுக்கினாள். இருபத்தொரு நிமிடமாகச் சாகவே முடியாத ஒருத்தி, தொடக்கூட முடியாத ஒருவரிடமிருந்து ஒளிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுடிதாரில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சுவர் தேய்க்கிறவர்கள் உலகத்தில் யாராவது இதை மறப்பார்களா? சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. சரி, இனி என்ன, கூண்டுக் கதவைத் திறந்து வெளியே போக வேண்டியதுதானே. விரல் பொத்தான் மேல் இருக்கிறது. அமுங்கவில்லை. பச்சைப் புள்ளியைப் பார்த்தாள், மேஸ்திரியின் கையைப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள். தெரிந்தும் பயம் போகவில்லை. அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது, பயத்தைவிடப் பெரிய ஆச்சரியம். சாவுக்குப் பயந்திருந்தால் இந்நேரம் போயிருக்க வேண்டும். பங்கஜம் மிஸ்ஸாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் இரண்டு பக்கம் பெயர் எழுதினாள். அமுக்கினாள். கதவு கிறீச்சிட்டது. வெளியே வந்து நேராக அவர் முன்னால் போய் நின்றாள். மேஸ்திரி குனிந்தார். கை நீண்டு அவள் கழுத்துக்கு வந்தது, முனையைத் தேடியது, ஒரு திருகு, ஒன்றும் அகப்படவில்லை. நிமிர்ந்து போய்விட்டார். மூன்றாவது எட்டில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? மறுபடி கூண்டுக்குள் ஓடினாள். இந்தத் தடவை கையை கீபோர்டிலேயே வைத்து ஒரு விரலால் சும்மா தட்டிக்கொண்டே இருந்தாள். வந்தார், தாண்டினார், நாலு, ஐந்து, ஆறு, போய்விட்டார். அடுத்த சுற்றில் கையை எடுத்தாள். நின்றார். மவுஸைத் தொட்டாள். கிளம்பினார். இன்னொரு சுற்று, அதேதான். அவள் கையை எடுப்பதால்தான் அவர் நிற்கிறார். பயந்து கையை எடுக்கிறவளிடம் மட்டும்தான் நிற்பார். பச்சைப் புள்ளியோடு சுவர் தேய்த்துக்கொண்டே போகிறவனுக்கு, ஒன்பது இல்லை, தொண்ணூறு பக் எழுதினாலும் இது கண்ணில் படவே படாது.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் எழுதினாள். ஒரே வரிதான் நிரம்பியது, எழுத்து கோணல்மாணலாக அடுத்த வரிக்கும் இறங்கியது. தேவசகாயம் தாளை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "கூண்டுக்குள்ள ஒளிஞ்சுட்டு கீபோர்டுலருந்து கை எடுத்தா மேஸ்திரி மூணு எட்டு தள்ளி நிக்கறாரு. குதிகால் நடுங்குது. நாலு தடவை பாத்துட்டேன். இது பக். தயவுசெஞ்சு சரி பண்ணாதீங்க." தாளை இறக்கினார். "பக்குன்னு எழுதிட்டு சரி பண்ணாதீங்கன்னு எழுதினவ நீ ஒருத்திதான். சரி, நிக்கறாரு. நின்னா என்ன?" கோகிலவாணி வாயைத் திறந்தாள். அதே கேள்வி. "எனக்குச் சொல்லத் தெரியலீங்கண்ணா," என்றாள். "நீங்க உக்காந்து பாருங்க." ஷாஹினா அக்கா அதற்குள் எழுந்து வந்துவிட்டார், மாதுளைச் சிவப்பு ஒட்டிய விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே. "நான் அப்படி எழுதலியே," என்றார். "கொஞ்ச நேரம் கீ எதுவும் அமுங்கலைன்னா விளையாடறவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னு வெச்சு, ஃபேன், லைட்டு எல்லாத்தையும் நிறுத்தற மாதிரி ஒண்ணு எழுதியிருந்தேன். மேஸ்திரியை அதுல சேக்கவே இல்ல. சேந்துட்டாரு போல. நீ எந்திரி, நான் பாக்கறேன்." "கையை எடுத்தாத்தாங்க்கா நிப்பாரு." "நான் எதுக்குக் கையை எடுக்கப் போறேன்? என் புள்ள மாதிரி, நான் எழுதின ஆளு." தேவசகாயம் சிரித்தார். அக்கா ஹெட்ஃபோனை முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூண்டுக்குள் போனார். கோகிலவாணி அவருக்குப் பின்னால் நின்றாள், பின்னால் நிற்கிறோமே என்று உறைத்ததும் நகர்ந்து பக்கவாட்டில் போய் நின்றுகொண்டாள். திரையில் தூரத்தில் வேட்டி தெரிந்தது. குனிந்தார். ஒரு திருகு. நிமிர்ந்தார். அக்காவின் விரல்கள் கீபோர்டில் சாதாரணமாகத்தான் இருந்தன. கீழே கடையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை யாரோ நிறுத்தினார்கள். மேஸ்திரி கூண்டுக்கு நேராக வந்தார். அக்காவின் இரண்டு கையும், யாரும் சொல்லாமல், கீபோர்டிலிருந்து எழுந்து முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டன.

ஒன்று. இரண்டு. மூன்று.

"அக்கா," என்றார் தேவசகாயம், "எஃப் ஒம்பது போட்டுத்தான இருக்கு?"

"தெரியும். பேசாத." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், விரல்கள் திரித்துக்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் கழித்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி, அக்கா கிசுகிசுத்தார்: "ஏம்மா கோகிலா, திங்கக்கெழம காலையில வேலைக்கு எத்தனை மணிக்கு வந்துருவ?"

"பத்து மணிக்குங்க்கா," என்று கோகிலவாணியும் கிசுகிசுத்தாள், மேஸ்திரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.